அப்பா எழுதாத இரண்டு மணி நேரம்

முதலாளி மேஜைக்குப் போன என் கோப்பு மூன்று முறை திரும்பி வந்த கதையைப் போன வாரங்களில் சொல்லி முடித்துவிட்டேன். முதல் முறை அவர் பிரித்தே பார்க்கவில்லை. இரண்டாவது முறை, "ஆடிட்டா? கணக்குப் பாக்க வருஷத்துக்கு ஒருத்தன் வந்து உசுர வாங்கறது போதாதாம்மா?" என்று சிரித்தார். மூன்றாவது முறை மட்டும் ஒரு வாசல் திறந்தது. "எவனோ வெளியாளு மிஷினோட வந்து என் கில்னைப் பத்தி எனக்கே சொல்லுவானா? மொதல்ல இங்க ஏதாவது வீணாவுதுன்னு நீ காட்டு. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

காட்டினேன். இந்த வாரம் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கரண்ட் கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்றால், என் அப்பா ஞானதாஸ் இருபத்தாறு வருஷமாக அங்கே கில்ன், அதாவது பீங்கான் சுடுகிற சூளை, எரிக்கிறார். நான் இரண்டு வருஷமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் நான். கம்பெனியில் எனக்குப் பெயர் இன்ஜினீயர் இல்லை, டெஸ்டிங் பாப்பா.

நான் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எரிசக்தி தணிக்கை. தெரிந்தவர்கள் நான்கு நாள் வந்து, கேஸ் எங்கே போகிறது, சூடு எங்கே ஒழுகுகிறது என்று அளந்து எழுதிக் கொடுப்பார்கள். கில்ன் கதவோரம் அடைத்த, சூடு தாங்குகிற பஞ்சு கருகிப்போய் நாளாகிறது. பக்கத்தில் நின்றால் புருவம் பொசுங்கும். அந்தக் கதவில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத்தான் அப்பா உள்ளே பார்ப்பார். வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது. பாண்டிச்சேரி டாக்டர், "இன்னும் எத்தனை நாளைக்கு நெருப்பையே பாத்துகிட்டு நிப்பீங்க?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

அப்பாவை அந்த ஓட்டையிலிருந்து விலக்க வேண்டும். ஆடிட் சொன்னால் கதவு மாறும், சூடு காட்டுகிற நல்ல மீட்டர் வரும், கண்ணால் பார்க்கிற வேலை போகும். நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அதற்காகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து எல்லாரும் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அப்பா அதைச் சொன்னார்.

கில்னுக்குள்ளே சரக்கோடு சேர்த்து, கோன் என்று சுண்டு விரல் அளவுக்கு ஒரு களிமண் கூம்பு வைப்பார்கள். சரியான சூடு ஏறியதும் அது தலை சாயும். எரிப்பு அட்டவணையான சார்ட் படி பதினாறு மணி நேரம் எரித்தால் போதும், அதை மணிக்கு மணி லாக்புக்கில் எழுத வேண்டும். பதினாறாவது மணியில் மீட்டரும் ஆயிரத்து இருநூற்று எண்பது டிகிரி என்று காட்டிவிடும். ஆனால் கோன் சாயாது.

"மீட்டரு பொய் சொல்லுது பாப்பா. நாலு வருஷமா. கோனு சாயறதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவுது. அதுக்கு முன்னாடி நிறுத்துனா சரக்கு வேவாது. மீட்டர மாத்துங்கன்னு அப்பவே சொன்னேன், மாத்தல."

"அப்போ லாக்புக்குல பதினெட்டுன்னு இல்ல இருக்கணும்? பதினாறுதானே இருக்குது."

"மேனேஜரு அன்பு சாருதான் அப்புடி எழுதச் சொன்னாரு. சரக்கு வாங்க வர்றவங்க லாக்புக்கைப் பாப்பாங்களாம். எழுதறது சார்ட்டு படி இருக்கட்டும், எரிக்கறது சரக்கு படி இருக்கட்டும்னாரு. ஷிப்டுக்குப் போன ஒடனே பதினாறு மணி நேரத்துக்கும் மொத்தமா எழுதி வச்சுடுவேன். அப்புறம் எரிக்க வேண்டியதுதான்." சிரித்தார். அப்புறம் சொன்னார், "இது நமக்குள்ள இருக்கட்டும்."

"சரிப்பா" என்றேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்ன சரி அது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மீட்டிங். அப்பாவுக்கு ஆறு மணி ஷிப்டு, ஐந்தரைக்கே போய்விட்டார். அவர் வீட்டில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். சொல்லியிருக்க மாட்டேன்.

அம்மா இஞ்ஞாசியம்மாள் சத்துணவுக் கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி முன்னாடி போய் நிக்கப் போற. ஒரு பொடவ கட்டுடி."

"பொண்ணு பாக்கவா வராங்க? ஆடிட்டுக்கு அப்ரூவல் கேக்கப் போறேன்."

"பொண்ணு பாக்க வந்தாலும் நீ இதே மூஞ்சியத்தான் வச்சிருப்ப" என்றான் சாவியோ. என் தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஜங்ஷன் பக்கம் செல்போன் கடையில் இருக்கிறான். "அக்கா, கையெழுத்து ஆச்சுன்னா எனக்குப் பிரியாணி."

"உனக்கெதுக்குடா?"

"லேப்டாப்புக்குச் சார்ஜர் குடுத்தது யாரு?"

அம்மா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பைச் சொருகிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "டெய்சி. அன்னிக்கு சோத்துல கைய வச்சுகிட்டு அப்பா சொன்னாரே. அத எங்கயாவது எழுதியிருக்கியா?"

"ஒரு பக்கத்துல வருது. யாருன்னு போடல."

"கில்ன்ல இருக்கறதே ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் வந்து ஆறு மாசம் ஆவல. யாருன்னு வேற போடணுமா?"

"உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. இது பிரெசன்டேஷன்."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஏழாவதோடு நின்றவளுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்தது உண்மை. பதினொன்றே காலுக்குத் தெரிந்தது.

முதலாளி கோதண்டபாணியின் அறையில் அவரும், ஒர்க்ஸ் மேனேஜர் அன்புச்செல்வனும், நானும். பாதியில் கரண்ட் போனது. "பக்கத்துலயே நெய்வேலி. இங்க கரண்ட் இல்ல" என்று முதலாளி அலுத்துக்கொண்டார். ஜெனரேட்டர் ஓடியதும் மறுபடி ஆரம்பித்தேன்.

அன்புச்செல்வன் சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று முறையும் கோப்பை உள்ளே எடுத்துப் போனவர் அவர்தான். "பொண்ணு நல்லா படிச்சிருக்குது சார், ஒரு தடவ கேளுங்க" என்று இந்த அரை மணி நேரத்தை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்தக் கம்பெனியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆபீசர்.

எட்டுப் பக்கம் வரைக்கும் முதலாளி செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது பக்கம் வந்தது.

"மாசத்துக்குப் பன்னெண்டு எரிப்பு சார். ஒவ்வொண்ணுலயும் சார்ட்டை விட ரெண்டு மணி நேரம் கூட எரியுது. மொத்தம் இருபத்து நாலு மணி நேரம். மாசத்துல ஒரு முழு நாளு நம்ம கில்ன் லாக்புக்குல இல்லாம எரியுது."

முதலாளி செல்போனைக் கவிழ்த்து வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன். இரண்டு வருஷமாக டெஸ்டிங் பாப்பாவாக இருந்தவளை ஒருத்தர் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்.

"எத்தினி வருஷமா?"

"நாலு வருஷமா சார். மீட்டரும் கதவும் சரியில்ல. ஆடிட் வச்சா எவ்வளவுன்னு கரெக்டா—"

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"கேஸ் செலவையும் லாக்புக்கையும் வச்சு ஒப்பிட்டுப் பாத்தேன் சார்."

செய்ததுதான். அப்பா சொன்ன பிறகு செய்தது.

"லாக்புக்கைக் கொண்டாரச் சொல்லுங்க அன்பு."

ஆபீஸ் அலமாரியிலிருந்து நான்கு வருஷத்துப் பழைய நோட்டுகள் வந்தன. முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி பதினாறு வரி. கீழே தமிழில் ஒரே கையெழுத்து. அப்பாவுடைய 'ஞா' எப்போதும் வரியை விட்டுக் கீழே இறங்கும். அத்தனை ஞாவும் இறங்கியிருந்தது.

"ஞானதாஸு. உங்கப்பாதானே?"

"ஆமா சார்."

"அவனாவே பொய் எழுதுனானா, இல்ல யாராவது எழுதச் சொன்னாங்களா?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான் வந்தது. மேஜைமேல் என் கோப்பு கடைசிப் பக்கத்தில் திறந்திருந்தது. முதலாளி விரலிடுக்கில் பேனா, மூடி கழற்றியாயிற்று. எதிரில் அன்புச்செல்வன் சார் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. பஸ் வருமா வராதா என்று ரோட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் மீட்டிங் கலையும். பேனா மூடிக்குள் போகும். நாலாவது முறையும் கோப்பு திரும்பி வரும். இவ்வளவும் எனக்கு ஒரே சமயத்தில் தோன்றியது. என் மூளை அந்த நேரத்தில் அவ்வளவு வேகமாக வேலை செய்ததை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

"தெரியல சார்" என்றேன்.

"பழைய ஆளுங்க சார்" என்றார் அன்புச்செல்வன். "அவங்களா ஒரு வழக்கம் வச்சுப்பாங்க. நம்ம கவனத்துக்கு வரது கெடையாது."

அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் நான்கு நாள் ஆடிட், ஒருங்கிணைப்புப் பொறுப்பு டெய்சி என்று எழுதினார். பிறகு அதன் கீழேயே இன்னும் நான்கு வரி எழுதினார். பொய்யான பதிவுகளுக்கு ஞானதாஸ் சனிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். ஆடிட் முடியும் வரை கில்ன் பக்கம் வரக்கூடாது, பேக்கிங்கில் இருக்க வேண்டும். உடனடியாக.

"பொறுப்பு நீதானே? மெமோவ நீயே குடுத்து, பதில நீயே வாங்கி என் டேபிள்ல வை. அப்பான்னு பாக்காத." எழுந்துகொண்டே சொன்னார், "உன்ன மாதிரி நேர்மையா இன்னும் நாலு பேரு வேணும்மா எனக்கு."

வராந்தாவில் அன்புச்செல்வன் சாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க?"

அவர் நின்றார். கோபமே இல்லாமல் கேட்டார். "அத உள்ளயே கேட்டிருக்கலாமேம்மா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் படி இறங்கிப் போனார். எனக்குக் கோபம் நிறைய வரும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். வரவேண்டிய இடத்தில் வந்திருந்தால் அதைப் பெருமையாகவே வைத்துக்கொள்ளலாம்.

மெமோவை ஆபீசில் இங்கிலீஷில் டைப் அடித்துக் கவரில் போட்டுக் கொடுக்கும்போது மணி இரண்டு ஆகப்போகிறது. ஷிப்டு முடிகிற நேரம். ஆனால் கோன் சாயாமல் அப்பா வீட்டுக்குப் போக மாட்டார். முதல் நாள் ராத்திரி பத்துக்கு மூட்டிய கில்ன். மீட்டர் ஆயிரத்து இருநூற்று எண்பதைத் தொட்டுவிட்டது. சார்ட் படி முடிந்தது.

அப்பா கண் கூசாமலிருக்க நீலக் கண்ணாடித் துண்டை இடது கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். டிராலி தள்ளுகிற தனக்கோடி மாமா என்னை முதலில் பார்த்துவிட்டார்.

"டெய்சி, டீ எங்க? மொதலாளியையே மடக்கிட்டியாமே! காலையிலேருந்து உங்கப்பன் வேலையே செய்யல. எம்மவ மேல பேசிகிட்டிருக்கா, எம்மவ மேல பேசிகிட்டிருக்கான்னு மாடியத்தான் பாத்துகிட்டு நிக்கறாரு."

அப்பா திரும்பினார். முகமெல்லாம் வியர்வை. "கையெழுத்து ஆச்சா?"

"ஆச்சுப்பா."

"நான் சொல்லல?" என்றார் தனக்கோடியிடம். பிறகு என் கையில் இருந்த கவரைப் பார்த்தார். கையைத் துண்டில் நன்றாகத் துடைத்தார். "என்னா, எனக்கும் ஒரு காப்பியா?"

கொடுத்தேன். வேறென்ன செய்வது? பிரித்தார். தூரமாகப் பிடித்துப் பார்த்தார். இங்கிலீஷ். என்னிடமே நீட்டினார்.

"படி. தனக்கோடியும் கேக்கட்டும்."

"வூட்டுல படிக்கிறேன்பா."

"வூட்டுல என்னா, இங்க படி."

"கொஞ்ச நாளைக்கு உனக்குப் பேக்கிங்ல வேலன்னு போட்டிருக்குது."

"பேக்கிங்கா?" கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மாம் எழுதியிருக்குது. நீ ஒரு வரி சொல்ற. முழுசா படி பாப்பா."

படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பத்தாவது படித்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாக் காகிதத்தையும் நான்தான் அவருக்கு இப்படிப் படித்துச் சொல்லியிருக்கிறேன். பொய்யான பதிவுகள் என்கிற இடம் வந்தபோது தனக்கோடி மாமா டிராலியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக அந்தப் பக்கம் போனார்.

"யாரு சொன்னாங்க?" என்றார் அப்பா.

"நான்தான்பா."

அப்பா துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அன்பு சாரு அங்க இருந்தாரா?"

"இருந்தாரு."

"என்னா சொன்னாரு?"

"பழைய ஆளுங்க வழக்கம்னு சொன்னாரு."

"நீ என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

அவர் திரும்பி ஓட்டைக்குள் பார்த்தார். "கோனு இன்னும் நிக்குது" என்றார். "ரெண்டு மணி நேரம் ஆவும். இத முடிச்சுட்டுப் போவட்டுமா, இப்பவே போவணுமா? அதுல என்னா போட்டிருக்குது?"

என்னிடம் அனுமதி கேட்கிறார். என் அப்பா.

"உடனடியாகன்னு போட்டிருக்குதுப்பா."

தலையாட்டினார். கில்னின் இன்னொரு ஆள், அந்தப் புதுப் பையன், ராத்திரிதான் வருவான். நீலக் கண்ணாடியைக் கொண்டுபோய்த் தனக்கோடி மாமா கையில் வைத்தார். "கோனு தலை சாஞ்ச பொறவு நிறுத்து. மீட்டரப் பாக்காத."

"நோட்டுலதான் பதினாறும் எழுதியாச்சே. மேல எரியற ரெண்டு மணி நேரத்துக்கு என்னா எழுதறது?"

"டெய்சியக் கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"உள்ளத எழுதுங்க மாமா" என்றேன்.

"உள்ளத எழுதுனா எனக்கும் ஒரு கவரு வருமா?" என்றார் தனக்கோடி. வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். அந்த ஓட்டையிலிருந்து அவரை விலக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் அலைந்தேன். விலக்கிவிட்டேன். கேட்டைத் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்ப்பார் என்று அங்கேயே நின்றேன்.

ஆறரைக்கு நான் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பிரெசன்டேஷன் நல்லா இருந்துதா?" என்றாள்.

"அம்மா..."

"வந்ததுலேருந்து ஒரு வார்த்த பேசல அந்த மனுசன். பொழுதோட வூட்டுல இருந்து பழக்கமில்ல. கட்டிலத் தூக்கி அந்தாண்ட போட்டாரு, இந்தாண்ட போட்டாரு. உள்ள போ. என்னை எதுக்குப் பாக்கற?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாவியோ கடையை விட்டுச் சீக்கிரமே வந்து, பக்கத்தில் செல்போனை நோண்டாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

நான் பையிலிருந்து பேப்பரும் பேனாவும் எடுத்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "பதில நான் எழுதறேன்பா. அன்பு சாரு சொல்லித்தான் எழுதுனேன்னு தெளிவா எழுதிடலாம். மீட்டரு மாத்தச் சொன்னதையும் எழுதலாம். ஒரு பக்கம் போதும். நாளைக்கே நான் முதலாளிகிட்ட—"

"இரு."

நிறுத்தினேன்.

"அன்னிக்குச் சாப்பிடும்போது சொன்னேன் பாரு" என்றார். குரல் உயரவில்லை. "எம்மவகிட்ட சொல்றேன்னு நெனச்சுகிட்டு சொன்னேன். ஆபீசுகிட்ட சொல்லியிருக்கேன். அது எனக்குத் தெரியல."

"உன் கண்ணுக்காகத்தான்பா நான்..."

"என் கண்ணுக்காவன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எனக்கு வாயி நல்லாத்தான் இருக்குது." சாவியோ பக்கம் திரும்பினார். "டேய், பேப்பரு எடு."

"நானா?" சாவியோ என்னைப் பார்த்தான். "என் கையெழுத்து எனக்கே புரியாதுப்பா. அக்கா எழுதட்டும்."

"நீ எழுது. புரியற வரைக்கும் அவங்க படிச்சுப்பாங்க."

இரண்டு பேரும் உள்ளறைக்குப் போனார்கள். கதவைச் சாத்தவில்லை, ஒருக்களித்து வைத்தார்கள். சாத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

பங்குச் சாமியாருக்குக் கடிதம், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு, பி.எஃப். விண்ணப்பம், அம்மாவின் சத்துணவு வேலைக்கு எழுதிக் கொடுத்தது, என் காலேஜ் சீட்டுக்கு நானே எழுதிக்கொண்டது. இந்த வீட்டிலிருந்து வெளியே போன எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்துத்தான் இருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து உள்ளே அப்பாவின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வார்த்தை பிடிபடவில்லை. நடுவில் ஒரு தடவை சாவியோ, "இதையுமாப்பா?" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"எழுதறதுன்னா முழுசா எழுதணும்" என்றார் அப்பா.

அம்மா கீரையைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மத்தியானம் ஏதாவது சாப்ட்டியா?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். எழுந்து போய்த் தட்டு எடுத்து வந்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து சாவியோ வெளியே வந்தான். கையில் கவர். சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது, ஓரம் இன்னும் ஈரம்.

"என்னா எழுதியிருக்குதுடா?"

"சொல்லக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்குது."

"அன்பு சாரு பேரு இருக்குதா?"

கவரைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நான்தான் கொண்டு போய் முதலாளி டேபிள்ல வைக்கணும். உள்ள என்னா இருக்குதுன்னு தெரியாம எப்புடிடா வைக்கறது? எத்தன பேரு இருக்குதுன்னாவது சொல்லு."

உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தான். பிறந்ததிலிருந்து என்னைச் சீண்டியே வளர்ந்தவன். அன்றைக்கு அவன் கண் கலங்கியிருந்தது.

"மூணு பேரு இருக்குதுக்கா."

அப்பா உள்ளறையிலிருந்து வந்தார். சாவியோவிடமிருந்து கவரை வாங்கி என் மடியில் வைத்தார். "சனிக்கெழம வரைக்கும் எதுக்கு? நாளைக்கே குடுத்துடு" என்றவர், போகிற போக்கில் சொன்னார், "உங்க ஆபீசுல."

அப்பா பெயர் ஒன்று. அன்புச்செல்வன் பெயர் ஒன்று. மூன்றாவது யாருடையது என்று நான் சாவியோவிடம் கேட்கவில்லை.